முழு சார்ஜில் 49% காட்டுது, ஓட ஓட 57 ஆகுது. பிஎல்ஈ (குறைந்த சக்தி ப்ளூடூத்) பேட்டரி அளவு, உதவி தேவை

1. புதுசென்சார்
அவசரம். சின்ன சென்சார் ஒண்ணு, பேட்டரி அளவை பிஎல்ஈ வழியா போனுக்கு அனுப்புது. ஃபுல் சார்ஜ்ல 49% காட்டுது. கொஞ்ச நேரம் ஓடினா 57க்கு ஏறிடுது. அப்புறம் 56, 55னு ரொம்ப மெதுவா இறங்குது. பேட்டரி புதுசு. என்ன பண்ணலாம்?

2. ஓம்விதி
49ன்னா ஏறக்குறைய பாதி. மின்னழுத்தப் பிரிப்பான் வைத்திருப்பீர்கள், இரண்டு சம மின்தடை. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) தருவது பாதி அளவு. அதை 2ஆல் பெருக்க மறந்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்.

3. கம்பியிலான்
எந்த போர்டு? லித்தியம் பாலிமரா, காயின் செல்லா? பிரிப்பான் இருந்தால் மதிப்பு என்ன, எந்தப் பின்? போனில் யார் செயலி? ரீட் (போன் கேட்டு வாங்குவது) செய்கிறீர்களா, நோட்டிஃபையா (சாதனம் தானே அனுப்புவது)? இதெல்லாம் இல்லாமல் ஊகம்தான் வரும்.

4. பழைய_அலைவரிசை
இதே கேள்வி மாதாமாதம் வருகிறது, யாரும் ப்ளூடூத் விவரக்குறிப்பைத் திறப்பதில்லை. பேட்டரி சர்வீஸ் பதினறும எண் 180எஃப், அதற்குள் பேட்டரி லெவல் 2ஏ19. ரீட் கட்டாயம், நோட்டிஃபை விருப்பம். நோட்டிஃபை வேண்டுமென்றால் 2902 டிஸ்கிரிப்டர் (நோட்டிஃபையை இயக்கும் அமைப்பு) இருக்க வேண்டும், போன் அதில் 01 00 எழுத வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்கேரக்டரிஸ்டிக்நோட்டிஃபிகேஷன் அழைத்தால் அது போனுக்குள் மட்டும்தான் பதிவாகும், சாதனத்துக்கு ஒன்றும் போகாது. டிஸ்கிரிப்டரைத் தனியே எழுதணும். நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். போனில் தெரிவது பழைய மதிப்பு.

5. பைட்டுக்குபைட்
@பழைய_அலைவரிசை, பழைய மதிப்பு என்றால் உறைந்து நிற்கும். இங்கே மாறுகிறது, அதுவும் முதலில் ஏறுகிறது.
@ஓம்விதி, பாதி என்பதும் பொருந்தவில்லை. பெருக்காமல் விட்டால் 4.2 வோல்ட் 2.1 ஆகத் தெரியும். 3.3ஐ 0% என்று வைக்கிற எந்தக் கணக்கிலும் அது 0க்குக் கீழே போகும், 49 வராது.

6. ஓம்விதி
கீழ் எல்லையை அவர் 0 வோல்ட் என்று வைத்திருந்தால்? 2.1ஐ 4.2ஆல் வகுத்தால் 50.

7. கம்பியிலான்
அப்போதும் ஏறுவதற்குக் காரணம் இல்லை. சார்ஜரைக் கழற்றியதும் மின்னழுத்தம் இறங்கும், ஏறாது. அவர் விவரம் தரட்டும்.

8. புதுசென்சார்
சாரி. ஈஎஸ்பி32 போர்டு, ஆர்டுயினோல எழுதினது. 1000 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் ஒண்ணு. 100 கிலோஓம் ரெண்டு, நடுப்புள்ளி ஜிபிஐஓ34 பின்ல. 2ஆல பெருக்கியாச்சு. 3.3ல 0, 4.2ல 100. செயலி நான் எழுதினது, காட்லின் மொழில, 10 விநாடிக்கு ஒரு ரீட். கணினில பாக்குற சீரியல் மானிட்டர்ல சரியாத்தான் வருது, இப்ப 92. போன்ல 57.

9. பைட்டுக்குபைட்
முதல் பதிவிலேயே வேண்டிய வரி இதுதான். சீரியலில் 92 சரி என்றால் பேட்டரி, பிரிப்பான், ஏடிசி மூன்றும் வழக்கிலிருந்து விலகிவிட்டன. கோளாறு அனுப்புகிற இடத்தில்.

92 என்ற எண்ணை எழுத்தாக்கி அனுப்புகிறீர்கள். '9' என்ற எழுத்தின் ஆஸ்கி மதிப்பு (எழுத்துக்கான எண் குறியீடு) 57. '8' 56, '7' 55. முழு சார்ஜில் "100", அதன் முதல் எழுத்து '1', அது 49. செயலி முதல் பைட்டை மட்டும் எடுத்து எண்ணாகக் காட்டுகிறது. அதனால்தான் 100லிருந்து 99க்கு இறங்கியதும் போனில் 49லிருந்து 57க்கு ஏறுகிறது, பிறகு பத்துப் பத்தாக இறங்கும்போதுதான் ஒன்று குறைகிறது.

இதை இப்படியே விடுவது ஆபத்து. 15% மிச்சமிருக்கும்போதும் 49தான் வரும், முழு சார்ஜைப் போலவே. 9%க்கு வந்தால் மறுபடி 57. எச்சரிக்கை ஒருபோதும் அடிக்காது.

உறுதி செய்ய, செயலியில் வந்த பைட் வரிசையின் நீளத்தையும் பதினறும மதிப்பையும் லாகில் அச்சிடுங்கள். இப்போது நீளம் 2, பைட்டுகள் 39 32 (அதாவது '9', '2') என்று வரவேண்டும்.

சரிசெய்ய: சதவீதத்தை 0–100க்குள் கட்டுப்படுத்தி யுஇன்ட்8 (1 பைட் முழு எண்) மாறியில் வையுங்கள். மதிப்பை அனுப்பும் செட்வேல்யூவுக்கு அந்த மாறியின் முகவரியையும் நீளம் 1 என்பதையும் கொடுங்கள். ஸ்டிரிங்காக மாற்றுகிற வரியை எடுத்துவிடுங்கள். முழு இன்ட்டையும் நேரடியாகக் கொடுக்காதீர்கள், 4 பைட் போகும். உங்கள் செயலி தப்பித்துக்கொள்ளும், ஆனால் 2ஏ19க்கு 1 பைட்தான் வரும் என்று நம்புகிற வேறு செயலிகள் குழம்பும். செயலியிலும் நீளம் 1 இல்லையென்றால் மதிப்பைக் காட்டாமல் பிழை என்று சொல்ல வையுங்கள்.

10. பழைய_அலைவரிசை
1 பைட் என்று விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. படித்திருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை.

11. கம்பியிலான்
படிக்கச் சொல்வது சரிதான், ஆனால் உங்கள் முதல் பதிலில் 1 பைட் பற்றி ஒரு சொல்லும் இல்லையே.

12. வானொலிப்பூச்சி
இதற்கு இணைப்பே எதற்கு? அட்வர்டைஸ்மென்டிலேயே (இணைப்பின்றி ஒலிபரப்பும் அறிவிப்பு) சர்வீஸ் டேட்டாவாகப் போடலாம்: 04, 16, 0எஃப், 18, 5சி. நீளம், வகை, தலைகீழ் வரிசையில் 180எஃப், கடைசியில் 92. மொத்தம் 5 பைட், 31 பைட் வரம்பில் தாராளமாக அடங்கும். அனுப்பிவிட்டுச் சாதனம் தூங்கலாம்.

13. பழைய_அலைவரிசை
போன் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 8.1 முதல் வடிகட்டி இல்லாத ஸ்கேன் திரை அணைந்ததும் நின்றுவிடும். ஐஓஎஸ் பின்புலத்தில் ஒரே சாதனத்தின் அறிவிப்பைத் திரும்பத் திரும்பத் தராது. இணைப்பும் நோட்டிஃபையும்தான் முறை.

14. வானொலிப்பூச்சி
ஸ்கேனுக்கு வடிகட்டி வைத்தால் ஆண்ட்ராய்டு சிக்கல் தீர்ந்தது. பேட்டரி அளவு விநாடிக்கு விநாடி தேவைப்படுவதும் இல்லை. இணைப்பைப் பிடித்து வைத்தால் சாதனம் ஆழ்தூக்கத்துக்கே போக முடியாது.

15. ஓம்விதி
ஆழ்தூக்கம் என்றதும் அந்த 100 கிலோஓம் இரண்டைக் கவனியுங்கள். 4.2 வோல்ட்டில் 21 மைக்ரோஆம்பியர் எப்போதும் ஓடும். தூங்குகிற ஈஎஸ்பி32 சிப் எடுப்பதே சுமார் 10தான். 1 மெகாஓம் இரண்டு வைத்தால் 2.1 ஆகக் குறையும். ஆனால் அப்போது நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் மின்தேக்கி கட்டாயம், இல்லாவிட்டால் ஏடிசி உள்ளே இழுக்கிற மின்னூட்டத்துக்கே அளவு சரிந்துவிடும். மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்துப் பிரிப்பானை அணைத்து எழுப்புவதாக இருந்தால் கால் விநாடி பொறுத்து அளக்கணும். இரண்டு 1 மெகாஓமும் இணையாக 500 கிலோஓம், அதை 100 நானோஃபாரட்டால் பெருக்கினால் 50 மில்லிவிநாடி, அதன் 5 மடங்கு கால் விநாடி.

நேர்கோட்டுக் கணக்கும் சரியில்லை. 3.7 வோல்ட்டில் அது 44% என்னும், செல்லில் கால்வாசிகூட மிஞ்சியிருக்காது. மின்னழுத்த அட்டவணை வைத்து இடைமதிப்பு காணுங்கள்.

16. புதுசென்சார்
லாக்ல 39 32தான் வந்துச்சு. யுஇன்ட்8 ஆக்கினேன், இப்ப 91னா 91. நன்றி @பைட்டுக்குபைட்.

17. கம்பியிலான்
நல்லது. ரீட்டிலிருந்து நோட்டிஃபைக்கு மாறப் போகிறீர்களா? மாறினால் 2902ஐச் சாதனத்திலும் சேர்க்கணும். பழைய ஆர்டுயினோ பிஎல்ஈ நூலகம் தானாகச் சேர்க்காது, நிம்பிள் நூலகம் சேர்த்துவிடும். அந்த மாற்றத்துக்குப் பிறகும் போன் பழைய சர்வீஸ் பட்டியலையே காட்டினால் ப்ளூடூத்தை அணைத்துப் போடுங்கள், பேரிங் செய்திருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

18. பைட்டுக்குபைட்
அத்துடன் ஏடிசியை ரேடியோ தொடங்குமுன் படியுங்கள். அனுப்பும் நேரத்தில் மின்னோட்டம் தாவுவதால் பேட்டரி மின்னழுத்தம் நொடிப்பொழுது சரியும், 91 திடீரென்று 84 ஆகித் திரும்பும். அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் பயன்படுத்தினால் சிப்பிலேயே பதிந்த அளவுதிருத்தமும் கணக்கில் வரும். 16 அளவு எடுத்துச் சராசரி போதும்.

19. வானொலிப்பூச்சி
@புதுசென்சார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போனுக்கு அளவு தேவை? அதைச் சொன்னால் இணைப்பா அட்வர்டைஸ்மென்டா என்று முடிவு செய்யலாம்.