கவுண்டிங் சூப்பர்வைசர் ஆர்டரில் தொகுதி பெயரே இல்லை, ஏன்?

உசிலை ஆசிரியர்:
வாக்கு எண்ணிக்கை மேற்பார்வையாளராக ஆர்டர் வந்திருக்கு. பயிற்சி தேதி இருக்கு, தொகுதி இல்லை. உசிலம்பட்டியா, மேலூரா, மதுரை கிழக்கா என்று எப்போது தெரியும்? எங்க பள்ளி ஆசிரியர் ஒருவரையே உதவியாளராகக் கேட்டு வாங்கலாமா?

திருமங்கலம் வருவாய்த்துறை:
கேட்க முடியாது சார், கேட்கவும் வேண்டாம். கம்ப்யூட்டர் குலுக்கல் மூணு கட்டமா நடக்கும். முதலில் மாவட்டத் தேர்தல் அலுவலர் தேவைக்கு மேல் 20 சதவீதம் ரிசர்வோடு ஆட்களை எடுப்பார். 14 மேஜைன்னா 17 சூப்பர்வைசர். எண்ணிக்கைக்கு 24 மணி நேரம் முன்னாடி தேர்தல் ஆணையம் அனுப்பும் பார்வையாளர் முன்னிலையில் தொகுதி ஒதுக்குவாங்க. மேஜை எண் அன்று காலை 5 மணிக்குத்தான். எந்த மேஜைக்கு எந்த அலுவலர்னு முந்தின நாளே வெளியே தெரிஞ்சா, ஆள் பிடிக்க ஒரு ராத்திரி போதும். அதனால இந்த ஏற்பாட்டுல கொஞ்சமும் தளர்வு கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. மேஜையில் உங்களோட ஒரு உதவியாளரும் ஒரு நுண் பார்வையாளரும் இருப்பாங்க. நுண் பார்வையாளர் மத்திய அரசு அல்லது பொதுத்துறை ஊழியர்.

உசிலை ஆசிரியர்:
நன்றி சார். ரிசர்வில் வந்தால் வீட்டுக்குக் கிளம்பலாமா? மேஜையில் எங்கே தப்பு நடக்கும்?

மேலூர் தேர்தல் பிரிவு:
தேர்தல் நடத்தும் அலுவலர் விடுவிக்கும் வரை கிளம்பக் கூடாது. ஒருத்தர் வரலைன்னா அந்த இடத்துக்கு நீங்கதான்.

தப்பு பெரும்பாலும் அவசரத்தில்தான். கண்ட்ரோல் யூனிட் (ஓட்டு எந்திரத்தில் ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதி) வந்ததும் அதன் எண், சீல், பச்சைத் தாள் முத்திரை எண் எல்லாத்தையும் 17சி (வாக்குச்சாவடி ஓட்டுக் கணக்குப் படிவம்) முதல் பகுதியோட ஒப்பிட்டு வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டுங்க. அதுக்கு அப்புறம்தான் முத்திரையைத் துளைச்சு ரிசல்ட் பட்டன். எண்கள் திரையில் ஓடும்போது ஒரு வரி தவறினா அடுத்தவர் ஓட்டு இவர் பேரில் ஏறிடும். சந்தேகம்னா பட்டனை மறுபடி அழுத்திப் பாருங்க, எண்ணிக்கை மாறாது. 17சி இரண்டாம் பகுதியில் நோட்டாவையும் சேர்த்துக் கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகை முதல் பகுதியில் பதிவான ஓட்டோட ஒத்துப்போகணும்.

திருமங்கலம் வருவாய்த்துறை:
ஒத்துப்போகலைன்னா, மாதிரி வாக்குப்பதிவு ஓட்டை அழிக்காம விட்டிருக்கலாம். வாக்குப்பதிவு முடிஞ்சதும் குளோஸ் பட்டன் அழுத்தாம வந்த யூனிட்ல ரிசல்ட்டே வராது. ரெண்டிலும் நீங்களா எதையும் அழுத்தாதீங்க, உடனே ஏஆர்ஓவை (உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர்) கூப்பிடுங்க. அந்த யூனிட்டைத் தனியா வைப்பாங்க. விவிபேட் சீட்டு (ஓட்டு யாருக்குன்னு அச்சாகும் தாள்) எண்ணணுமான்னு முன்னாடி வெற்றி வித்தியாசத்தைப் பார்த்து முடிவு பண்ணினாங்க; 2025-லிருந்து 17சியோட ஒத்துப்போகாத, மாதிரி ஓட்டு அழிக்காத யூனிட்டுக்கெல்லாம் எண்ணியே ஆகணும். அடுத்த யூனிட் மேஜைக்கு வர்றதுக்குள்ள முந்தின 17சியில் உங்க கையெழுத்தும் முகவர்கள் கையெழுத்தும் இருக்கணும்.