டெத் மேக்னடிக்: இரண்டு பதிப்புகளின் ஒலியளவைச் சமன்செய்ய உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மெட்டாலிகா இசைக்குழுவின் ‘டெத் மேக்னடிக்’ (2008) ஆல்பம் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரை தயாராகிறது. சிடியில் வந்த ஒலியையும், ‘கிட்டார் ஹீரோ 3’ விளையாட்டில் வந்த அதே பாடல்களின் ஒலியையும் ஒப்பிடுவதுதான் மையம். சிடியில் டிரம் அடி விழும் இடமெல்லாம் அலைவடிவத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, கரகரப்பு அதனால்தான். விளையாட்டுப் பதிப்பில் அந்த வெட்டு வெகு குறைவு.

ஒப்பீட்டில்தான் சிக்கல். சற்றே உரத்து ஒலிப்பது காதுக்கு நன்றாகவே படும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூடத் தீர்ப்பைக் கெடுத்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் −20 எல்.யூ.எஃப்.எஸ்ஸுக்கு, அதாவது ஒரே சராசரி உரப்பளவுக்கு, கொண்டுவந்தாயிற்று. (சிடியைத்தான் இறக்க வேண்டும், மற்றதை ஏற்றினால் அதன் உச்சங்களும் வெட்டுப்படும், பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது?) அப்படியும் சிடிதான் முந்திக்கொண்டு கேட்கிறது.

முழுப் பாடலுக்கும் சராசரி எடுப்பதுதான் காரணமா? ஒரே பல்லவியை 20 வினாடித் துண்டாக வெட்டி, அதை மட்டும் சமன்செய்தால் சரிவருமா? அல்லது வெட்டுப்பட்ட ஒலியில் கூடும் மேல்சுர அதிர்வுகளே இப்படி ஏமாற்றுகின்றனவா? ஃபூபார் ஒலிப்பான் மென்பொருளில் ஏ.பி.எக்ஸ் சோதனை (எது எந்தப் பதிப்பென்று தெரியாமல் கேட்டு அடையாளம் காண்பது) செய்தவர்கள் எத்தனை சுற்று வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். யூடியூப் இணைப்புகள் மட்டும் வேண்டாம், அங்கே மறுசுருக்கம் ஆகியிருக்கும்.