வயரிங் வேலைக்குப் புதிது: எந்தச் சாமானை முதலில் வாங்குவது?

கேள்வி:
அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் வயரிங் பாஸ் ஒருவரிடம் உதவிக்குச் சேர்கிறேன். கையில் காசு குறைவு. பழைய சோனகத் தெருவில் மலிவாக ஒரு முழு செட் வாங்கலாமா, ஒவ்வொன்றாகச் சேர்க்கவா?

பதில் 1:
செட் வேண்டாம் தம்பி. 8 அங்குலக் குறடு, 6 அங்குல சைட் கட்டர், 3 மற்றும் 5.5 மில்லிமீட்டர் தட்டை ஸ்க்ரூ ட்ரைவர், டெஸ்டர். தொடங்க இவை போதும். குறட்டில் மின் காப்புக்கான இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டும் பொறித்திருக்கணும், ஸ்டிக்கரை நம்பாதீங்க. குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிங்க. வெட்டும் விளிம்புகளுக்கு நடுவில் ஒளி தெரிந்தால் மெல்லிய இழையை வெட்டாது, நசுக்கும்.

பதில் 2:
போசிட்ரிவ் என்ற சிலுவை முனை ஸ்க்ரூ ட்ரைவரில் 2ஆம் நம்பரையும் சேருங்க. பிரேக்கர் திருகுகள் பெரும்பாலும் அந்த வகை. திருகின் தலையில் சிலுவைக் கோடுகளுக்கு இடையே மெல்லிய கீறல்கள் இருக்கும். அதில் சாதாரண சிலுவை முனையான பிலிப்ஸ் போட்டால் வழுக்கித் தலை தேயும், வயர் இறுகாது, இணைப்பு சூடாகும்.

பதில் 3:
சுத்தியல், உளி, ஹெக்ஸோ பிரேம் பழசாக வாங்கலாம். மின் காப்புப் பிடியுள்ளவை மட்டும் புதிதாகவே வேணும். வெடித்த பிடிக்கு டேப் சுற்றுவது காப்பாகாது. டெஸ்டருக்குள் இருக்கும் நியோன் விளக்கு எரியவில்லை என்பதற்காக வயரைத் தொடாதீங்க, வெயிலில் அந்த ஒளி தெரியாமலே போகும். அடுத்த சம்பளத்தில் மல்டிமீட்டர்.