அல்ஃபா 147 1.6 ட்வின் ஸ்பார்க்: காலமை ஸ்ராட் பண்ணினால் டீசல் சத்தம்

பலெர்மோ_147: வணக்கம். கார் 2004 அல்ஃபா றோமியோ 147, 1.6 ட்வின் ஸ்பார்க், 118,000 கி.மீ. ஓடினது. காலமை முதல் ஸ்ராட்டில் ரைமிங் பெல்ற் பக்கமாக டீசல் எஞ்சின் மாதிரிக் கடகடவெண்டு சத்தம். ஐந்தாறு செக்கனில் குறையுது, ஆனால் சூடான பிறகும் கொஞ்சம் கேக்குது. கராஜில் எஞ்சின் தேய்ஞ்சுபோச்சுதாம், பாவிச்ச எஞ்சின் ஒண்டு போடச் சொல்லினம். இல்லாட்டி வித்துப்போட்டு 1.9 டீசல் எடுக்கிறதோ? 147இன் வேக மொடலான ஜீ.ரீ.ஏ.யிலும் ஆசை இருக்கு.

திருகாணி: எஞ்சினைக் கழட்ட முதல் லிப்ரெத்தோவை (இத்தாலிய வாகனப் பதிவுப் புத்தகம்) எடுத்துப் பாருங்கோ. பீ.2 கட்டத்தில் எஞ்சின் வலு கிலோவாற்றில் இருக்கும். 77 எண்டால் உங்களது 105 குதிரைவலு எஞ்சின், அதில் வேரியேற்றர் (வால்வு திறக்கிற நேரத்தை மாத்திற புல்லி) இல்லை. 88 எண்டால் 120 குதிரைவலு, அதில் இருக்கு. நீங்கள் சொல்லுற சத்தம் அச்சொட்டாக வேரியேற்றர் சத்தம்தான். ஒயில் கம்பியையும் பாருங்கோ.

பலெர்மோ_147: 88 எண்டு இருக்கு அண்ணை. ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே!

திருகாணி: முதலில் ஒயிலை விடுங்கோ. 10W-40, அரைவாசி அரைவாசி லீற்றராக, சமதரையில் நிப்பாட்டி அளந்து அளந்து. மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். ட்வின் ஸ்பார்க் ஒயில் குடிக்கிற எஞ்சின். 1,000 கி.மீ.க்கு ஒருக்கால் கம்பி பாக்காமல் ஓடினால் தேயிறது வேரியேற்றர் இல்லை, கிராங்கின் பெரிய பெயாரிங். அது போனால்தான் கராஜ் சொன்ன கதை உண்மையாகும். ஒயில் சரியான பிறகும் சத்தம் அப்பிடியே இருந்தால் வேரியேற்றரை மாத்துங்கோ.

வேரியேற்றர் எண்டது உள்ளிழு கேம் சாஃப்ற்றின் (காத்து உள்ளே விடுற வால்வுகளைத் திறக்கிற தண்டு) பெல்ற் பக்க முனையில் இருக்கிற புல்லி. ஒயில் அழுத்தம் உள்ளே இருக்கிற பிஸ்டனைத் தள்ள, சரிவான பல்லுகள் வழியாகக் கேம் கொஞ்சம் முன்னுக்குத் திரும்பும். பல்லுத் தேய்ஞ்சு இடைவெளி விழுந்தால், ஒயில் அழுத்தம் ஏறும் வரைக்கும் அடிச்சுக்கொண்டே இருக்கும். உடன எஞ்சினை உடைக்காது, ஆனால் தானாகச் சுகப்படவும் மாட்டாது.

கேம்_பூட்டு: ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது? பழைய புத்தகத்தில் 120,000 கி.மீ. எண்டு இருக்கும், அதை நம்ப வேண்டாம். பிறகு 60,000 ஆகக் குறைச்சவை. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் முட்டி வளையும். வேரியேற்றருக்கு எப்பிடியும் பெல்ற்றைக் கழட்டவேணும், ஆனபடியால் பெல்ற், ரென்சனர், ஐட்லர், தண்ணிப் பம்ப், வேரியேற்றர் எல்லாத்தையும் ஒரே தரத்தில் முடியுங்கோ. வேரியேற்றர் புதுசாகவே வாங்கவேணும். கழட்டிப் பூட்டுற கூலிதான் பெரிசு, பழசைப் போட்டு மிச்சம் பிடிக்கிறது வீண்.

மெக்கானிக்கிட்டக் கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: கேம் சாஃப்ற்றுகளை அசையாமல் பிடிக்கிற கேம் பூட்டுக் கட்டைகள் இருக்கோ? கேம் மூடிகளைக் கழட்டி அந்த இடத்தில் அவற்றைப் பூட்டவேணும், 1.6க்கு உரியதாகவும் இருக்கவேணும். பிளக் துளைக்குள்ள டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கிற முள்ளுக் கருவி) விட்டு முதலாம் பிஸ்டனின் உச்சியை எடுக்கவேணும். பழைய புல்லியில் வெள்ளைப் பெயின்ரால கோடு போட்டுச் செய்யிறவரிட்டக் குடுக்காதேங்கோ. புல்லி நட்டை இறுக்கும்போது புல்லியைத் தனி ஆயுதத்தால பிடிக்கவேணும், கட்டை அந்த விசையைத் தாங்கக்கூடாது. முடிஞ்சதும் கிராங்கைக் கையால இரண்டு சுத்து சுத்தி, கட்டைகள் திரும்ப இறுகாமல் உக்காருதோ எண்டு பாக்கவேணும். உக்காராட்டி ஐட்லிங் தளும்பும், கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை இராது.

திருகாணி: காரை மாத்துறதைப் பற்றி: 115 குதிரைவலு 1.9 டீசல் (ஜே.ரீ.டி.) எட்டு வால்வு, உறுதியானது. பதினாறு வால்வு டீசலில் இழுவை கூட, ஆனால் ஈ.ஜீ.ஆர். (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற வால்வு) கரியால அடையும். 2.0 ட்வின் ஸ்பார்க் 150 குதிரைவலுவிலும் இதே வேரியேற்றர்தான், பலன்ஸ் சாஃப்ற் பெல்ற்றும் மேலதிகம். ஜீ.ரீ.ஏ. எண்டால் 3.2 வீ6, 250 குதிரைவலு. அதில் டிஃபரன்சியல் உடைஞ்சு கியர்பொக்ஸ் கூட்டையே துளைக்கிறது பிரபலம். லிமிற்றட் சிலிப் டிஃப் (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுத்தாமல் தடுக்கிற டிஃபரன்சியல்) போட்ட பில் காட்டாட்டி விலை பேசாதேங்கோ. உங்கட காரைத் திருத்துறதுதான் மலிவு.

பலெர்மோ_147: பிளக்கும் சேத்து மாத்தட்டோ?

கேம்_பூட்டு: 100,000 கி.மீ.க்கு மாத்துறது, உங்களுக்கு நேரம் வந்திட்டுது. நாலு இல்லை, சிலிண்டருக்கு இரண்டாக எட்டு: 14 மி.மீ. நாலு, 10 மி.மீ. நாலு. சின்னனைக் குளிர்ந்த எஞ்சினில் கையால திருகித் தொடங்குங்கோ, மரை அலுமினியம்.