பல்லூடகப் படைப்புக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

கடலூர், கல்லூரி ஆசிரியை:

எங்கள் எழுத்துப் பயிற்சித் தாளுக்கு இந்தப் பருவத்தில் நான் கொடுத்த பொருள் ‘தானே’ புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தபோது, என் மாணவர்களுக்கு விவரம் தெரியாத வயது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குரல், படம், எழுத்து மூன்றும் சேர்ந்த படைப்பாகக் கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு மாணவனின் காணொளியில் ட்ரோன் காட்சி, பின்னணி இசை என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் விழுந்த பலாமரங்களைப் பற்றிப் பாட்டி பேசும் இடத்தில் இசை அவர் குரலை அமுக்கிவிட்டது. இன்னொரு மாணவியிடம் இருந்தது சாதாரணக் கைப்பேசி. முந்திரித் தோப்பு அழிந்ததைச் சொல்லிக்கொண்டே வரும் தாத்தா, பாதியில் பேச முடியாமல் நின்றுவிடுகிறார். அவள் அந்த இடைவெளியை வெட்டவில்லை. அந்த நிலத்தின் இன்றைய படத்தை மட்டும் திரையில் நிறுத்தியிருந்தாள்.

கட்டுரைக்கான மதிப்பெண் பங்கீட்டில் இலக்கணமும் பத்தி அமைப்பும் உண்டு, அந்த மௌனத்துக்கு இடமில்லை. ட்ரோனுக்கு மதிப்பெண் போட்டால் அது வீட்டு வசதிக்குப் போட்டதாகிவிடும். ஜோடி ஷிப்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர், என்ன செய்ய நினைத்தேன், ஏன் இந்த வடிவம் என்பதை மாணவரே எழுதிப் படைப்போடு தரச் சொல்கிறார். அதைத்தான் பின்பற்றினேன். ஏன் வெட்டவில்லை என்பதை அவள் தெளிவாக எழுதியிருந்தாள். அவனோ இசை நன்றாக இருந்தது என்பதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. அவளுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். அவனுக்கு வருத்தம்தான். காரணத்தைச் சொல்லித் திருத்தித் தரச் சொன்னேன். பாட்டி பேசி முடித்த பிறகு இசை வரும்படி மாற்றிக்கொண்டு வந்தான்.

புதுச்சேரி, விரிவுரையாளர்:

அம்மா, எங்கள் வகுப்பில் அந்த விளக்கவுரையே இன்னொரு கட்டுரையாகிவிட்டது. காந்தி வீதி ஞாயிறு சந்தையின் ஒலிகளை மட்டும் வைத்து அருமையாகக் கோத்த ஒரு பெண்ணுக்கு நான்கு வரி எழுத வரவில்லை. எழுதத் தெரிந்த பையனோ சுமாரான படத்துக்கும் நியாயம் கற்பித்துவிட்டான்.

கடலூர், கல்லூரி ஆசிரியை:

நீங்கள் சொல்வது சரி ஐயா. அதனால் விளக்கத்தை வாயால் சொல்லவும் இடம் கொடுத்திருக்கிறேன். நானும் அந்த மாணவரும் சேர்ந்து படைப்பைப் பார்ப்போம். “தம்பி, இங்கே எதற்காக இசை?” என்று ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்பேன். சொந்தமாக யோசித்துச் செய்த பிள்ளை தட்டுத் தடுமாறியாவது பதில் சொல்லிவிடும். பெரிய வகுப்பென்றால் நேரம் பிடிக்கும். அகமதிப்பீட்டு மதிப்பெண் அனுப்பும் வாரம் வரை காத்திருக்காமல், பருவத்தின் நடுவிலேயே தொடங்கிவிடுங்கள்.