முழங்கை வலியும் கை மரத்துப்போவதும்: என்ன காரணமாக இருக்கும்?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். சில வாரங்களாக முழங்கையில் வலி இருக்கிறது. கை அடிக்கடி மரத்துப்போய், எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. தைலம் தேய்த்தும் வலி மாத்திரை போட்டும் கேட்கவில்லை. இது வாயுவா, நரம்புத் தளர்ச்சியா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொங்குநாட்டான்:
எந்தக் கை, எந்த விரல்கள், வலி உட்பக்கமா வெளிப்பக்கமா, சர்க்கரை உண்டா, என்ன வேலை பார்க்கிறீர்கள்? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் காரணம் கேட்டால் எப்படிச் சொல்வது?

மலைக்கோட்டை:
கழுத்துத் தேய்மானம்தான், சந்தேகமே வேண்டாம். கழுத்தெலும்புகளுக்கு இடையில் நரம்பு அழுந்தினால் வலி தோள் வழியாகக் கைக்கு இறங்கும். முதலில் தலையணையை மாற்றுங்கள்.

நெல்லைச்சீமை:
நரம்புக்குச் சத்துப் போதவில்லை. பி12 ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டுவரும் எனக்கு அந்த ஊசிதான் கைகொடுத்தது.

திருப்பூர்க்காரன்:
வலக்கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். நாள் முழுவதும் மேசையில் முழங்கையை ஊன்றியபடிதான் வேலை.

மூத்தவாசகர்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் இருட்டில் அம்பு விட்டிருக்க வேண்டியதில்லை. நான் பலமுறை எழுதியதுதான், தேடிப் படிக்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்வது போல் இருக்குமே, அந்த இடத்தில் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழேயே அது ஓடுகிறது. கையை மடக்கினால் இழுபடும், மேசை விளிம்பில் ஊன்றினால் நசுங்கும். டென்னிஸ் எல்போவாக இருந்தால் வலி வெளிப்பக்கம் இருக்கும், விரல் மரக்காது.

மலைக்கோட்டை:
கழுத்தில் எட்டாம் நரம்பு அழுந்தினாலும் சுண்டுவிரல்தான் மரக்கும். இதையும் ஐயா சொல்லியிருக்கலாம்.

மூத்தவாசகர்:
மரக்கும். ஆனால் அப்போது முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரக்கும், கழுத்தைத் திருப்பினால் கூடும். பி12 குறைவோ, பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் சேர்ந்தே தொடங்கும். ஒரு கையின் இரண்டு விரல்களை மட்டும் தேடிப் பிடிக்காது.

நெல்லைச்சீமை:
எனக்குப் பாத எரிச்சலும் இருந்தது உண்மைதான். அதற்காக ஊசியே வீண் என்று பேசுவது சரியல்ல. மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும் என்பது மருத்துவர்களே ஒப்புக்கொண்டது.

மூத்தவாசகர்:
ஊசி வீண் என்று நான் எங்கே எழுதினேன்? இரத்தப் பரிசோதனைக்கு முன்பே போட்டுக்கொண்டால் அளவு உயர்ந்து காட்டி, குறைபாடு இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். அதைத்தான் கண்டிக்கிறேன்.

இயன்முறையாளர்:
கேட்டவரை விட்டுவிட்டு ஊசியைப் பற்றி வாதாடுகிறோம். நண்பரே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனிமூட்டு தானாக மடங்கினாலோ, புறங்கையில் அவ்விரண்டு விரல்களுக்கும் இடையில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை இரவில் முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு, கை மடங்காதபடி தூங்குங்கள். கைப்பேசியை நெடுநேரம் காதில் வைத்துப் பேச வேண்டாம். உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழுநோயிலும் இதே நரம்புதான் முழங்கையில் தடிக்கும். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, எனவே அஞ்ச வேண்டியதில்லை.

கொங்குநாட்டான்:
நெஞ்சு வலியோடு இடக்கை வலித்தாலோ, திடீரென்று ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்தாலோ இழை தொடங்கிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். இவருக்காகச் சொல்லவில்லை, பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சர்க்கரை பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

திருப்பூர்க்காரன்:
மருத்துவரைப் பார்த்தேன். என்.சி.எஸ். என்னும் நரம்புக் கடத்தல் சோதனை எடுத்ததில் முழங்கையில்தான் அழுத்தம் என்று வந்திருக்கிறது. தேமல் எதுவும் இல்லை. மேசை விளிம்பில் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.