எஃப்30 320டி: முன்னும் பின்னும் வேறு அகலத்தில் 18 அங்குல வீல், எந்த டயர் அளவு சரி?

கொங்குச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பின்சக்கர இயக்கம் கொண்ட பிஎம்டபிள்யூ 320டி, எஃப்30 மாடல் உள்ளது. இப்போது நான்கு பக்கமும் 7.5ஜே, அதாவது 7.5 அங்குல அகல ரிம்மில் (ஆஃப்செட் 37; ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் வெளிப்புறமாகத் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ.யில்) 225/50 ஆர்17 டயர்கள் ஓடுகின்றன. பட்டன் (டயர் சாலையைத் தொடும் பரப்பில் உள்ள புடைப்புகள்) தேய்ந்துவிட்டதால் நான்கையும் மாற்றியாக வேண்டும். செலவோடு செலவாக, இந்த மாடலுக்கென்றே வந்த 18 அங்குல எம் ஸ்போர்ட் அலாய் வீல்களையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அவற்றில் முன் வீல் 8ஜே, ஆஃப்செட் 34. பின் வீல் 8.5ஜே, ஆஃப்செட் 47.

டயர் கடையில் முன்னால் 245/40 ஆர்18, பின்னால் 265/35 ஆர்18 போடச் சொல்கிறார்கள். இரண்டும் கையிருப்பில் உள்ளன, வண்டியும் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். நிறுவனம் தந்த அளவோ முன்னால் 225/45, பின்னால் 255/40. கடையில் சொல்லும் ஜோடியைப் போட்டால் என்ன கெடும்? மழைக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கடி போய்வருபவன் என்பதால், ஈரச்சாலையில் பிடிப்பு எனக்கு முக்கியம்.

விட்டம்பார்ப்பவர் எழுதியது:

வணக்கம் ஐயா. முன்னும் பின்னும் வேறு அகலம் போடும்போது, அகலத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது டயரின் மொத்த விட்டம். முதல் எண்ணான அகலத்தை (மி.மீ.) எடுத்துக்கொண்டு, அதில் இரண்டாவது எண் சொல்லும் விழுக்காட்டைக் கண்டால் பக்கச்சுவரின் உயரம் கிடைக்கும். அதை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் போதும். 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ.

நிறுவனத்தின் ஜோடியைக் கணக்கிட்டால் 225/45க்கு 659.7 மி.மீ., 255/40க்கு 661.2 மி.மீ. வருகிறது. பின் டயர் 30 மி.மீ. அகலம் கூடியும் விட்டத்தில் வேறுபாடு வெறும் 1.5 மி.மீ.தான். அகலம் ஏறும்போது இரண்டாவது எண்ணை 45இலிருந்து 40க்கு இறக்கியதன் காரணம் இதுவே. உங்கள் இப்போதைய 225/50 ஆர்17 டயரின் விட்டம் 656.8 மி.மீ. என்பதால் வேகமானியிலும் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான மாற்றமே இருக்கும்.

கடையில் சொன்ன ஜோடியைப் பாருங்கள். 245/40க்கு 653.2 மி.மீ., 265/35க்கு 642.7 மி.மீ. வருகிறது. பின் டயர் முன் டயரைவிட 10.5 மி.மீ. சிறியதாகி, வண்டியின் பின்புறம் தாழ்ந்து நிற்கும். நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டு இயங்கும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), டிஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) அமைப்புகளுக்குப் பின் சக்கரங்கள் எப்போதும் வேகமாகச் சுற்றுவதாகவே தெரியும். இதுவே நான்கு சக்கர இயக்கம் கொண்ட எக்ஸ்டிரைவ் வண்டியாக இருந்தால் முன் அச்சுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டியில் உள்ள கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடேறும். அதைப் பழுதுபார்க்கும் செலவில் பல செட் டயர் வாங்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ரிம்மில் இருக்கிறது. 265/35 டயருக்கு ஏற்கப்பட்ட ரிம் அகலம் 9ஜேயில்தான் தொடங்குகிறது. உங்கள் பின் ரிம் 8.5ஜே. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, வளைவுகளில் நெளியும். பட்டனும் சீராகத் தேயாது. 255/40 டயருக்கோ 8.5ஜேதான் குறைந்தபட்ச அளவு. ஆகவே உங்கள் பின் ரிம்மில் 255க்கு மேல் போக வழியில்லை. கையிருப்பில் இருக்கிறது என்பது ஒரு டயரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆர்ச்இடைவெளி எழுதியது:

விட்டத்தைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் சரி. ஆஃப்செட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனெனில் கடைகளில் யாரும் அதைக் கேட்பதில்லை. பின்பக்கம் 255 டயரை ஆஃப்செட் 47 கொண்ட ரிம்மில் போட்டால், இப்போதைய டயரோடு ஒப்பிட வெளிப்புறம் 5 மி.மீ. மட்டுமே கூடும், மீதி 25 மி.மீ. உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் போகும். அதே டயரை ஆஃப்செட் 35 உள்ள வெளிச்சந்தை வீலில் போட்டால் வெளிப்புறம் 17 மி.மீ. தள்ளிவிடும். பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும்போது ஒரு வேகத்தடையில் இறங்கினால், டயரின் தோள் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும் வாய்ப்பு உண்டு.

வீல்களை வாங்கும் முன் அவற்றின் பின்புறத்தில் பொறித்திருக்கும் எண்களை நீங்களே படித்துப் பாருங்கள். எஃப்30க்கு அடுத்து வந்த ஜி20 மாடலின் வீல்களும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும். ஆனால் அவற்றின் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 112 மி.மீ., எஃப்30க்கு வேண்டியது 120 மி.மீ. கட்டாயம் பொருந்தாது.

ஈரச்சாலை எழுதியது:

பாலக்காட்டுக் கணவாய் மழையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்பது உலர்ந்த சாலைக்கே பொருந்தும். தேங்கிய நீரில் அகலம் கூடக்கூட டயர் தள்ள வேண்டிய நீரும் கூடுகிறது. பட்டன் ஆழம் குறைந்திருந்தால் டயர் சீக்கிரமே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். இந்த வண்டியில் இழுவை முழுவதும் பின் சக்கரங்களில் இருப்பதால் பின் டயர்தான் முதலில் தேயும், அகலமானதும் அதுவே. சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், பின் டயரை 3 மி.மீ. ஆழத்திலேயே மாற்றிவிடுங்கள்.

முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால், டயர்களை முன்பின் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யவும் முடியாது. மேலும், 2020 ஜூனில் இந்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து இத்தகைய அளவுகளில் நினைத்த பிராண்டு நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் நான்கும் 8ஜே வீல், நான்கும் 225/45 ஆர்18 என்று போடுவதே உங்கள் பயன்பாட்டுக்கு மிகவும் பொருத்தம்.

கொங்குச்சாலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கும் ஒரே அளவு என்பதையும் யோசித்தேன். ஆனால் இந்த வீல்கள் வளைவோ விரிசலோ இல்லாமல் கிடைப்பதால் 225/45, 255/40 ஜோடிக்கே போகிறேன். பின் டயரை 3 மி.மீ. ஆழத்தில் மாற்றுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண்ணில் எதை எடுப்பது?

விட்டம்பார்ப்பவர் எழுதியது:

நல்ல முடிவு. 225/45 ஆர்18 டயர் 91, 95 என்ற இரு சுமை எண்களில் வரும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோவும், 95 என்றால் 690 கிலோவும் தாங்கும். நம் சாலைக் குழிகளுக்கு முன்னால் 95, பின்னால் 99 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) எடுப்பதையே விரும்புவேன். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை என்று கலந்தால் மழையில் வண்டியின் போக்கைக் கணிக்க முடியாது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் டிக்கியில் ஸ்டெப்னிக்கு வழிசெய்துகொள்ளுங்கள்.

காற்றழுத்தம் முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபடும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 18 அங்குலத்துக்குரிய வரிசையைப் பார்த்து அடைத்துவிட்டு, வண்டித் திரையில் உள்ள ஐடிரைவ் மெனுவில் டயர் அழுத்தக் கண்காணிப்பை மறுபடி அமைத்துவிடுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு 140 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.